கார்பெட் சீட்டில் உள்ள வகுப்பு எண்ணும் கிரீடங்களும் எதைச் சொல்கின்றன?

கேள்வி: இங்கிலாந்தில் புதிதாக வாங்கிய வீட்டுக்குச் சுவரிலிருந்து சுவர்வரை கார்பெட் போட விரும்புகிறோம். கடையில் இரண்டைக் காட்டினார்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று தடிமனாக, கால் புதையும்படி மெத்தென்று இருக்கிறது. அதன் சீட்டில் வகுப்பு 22, நான்கு கிரீடங்கள். மற்றது மெல்லியது, சற்றுச் சொரசொரப்பானது. வகுப்பு 23, இரண்டு கிரீடங்கள், கூடவே ஒரு படிக்கட்டுப் படம். “கனமானதுதான் நீடித்து உழைக்கும்” என்று கடைக்காரர் முதலாவதைப் பரிந்துரைக்கிறார். இந்த எண்களை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? எதை நம்பி வாங்குவது?

பதில்:

கடைக்காரரின் சொல்லைவிடச் சீட்டில் உள்ள எண்ணை நம்பலாம். ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். கார்பெட் தேய்ந்து ஓட்டையாகி, அடித்துணி தெரியும்வரை உழைத்துவிட்டுப் போவது வீடுகளில் அபூர்வம். இழை இருக்கும்போதே அது படிந்து, முறுக்குப் பிரிந்து, நடைபாதைபோல் ஒரு தடம் விழுந்து, பார்க்கச் சகிக்காமல் போவதால்தான் பெரும்பாலோர் அதைப் பெயர்த்தெடுக்கிறார்கள். ஆகவே சோதனைக்கூடத்தில் முதன்மையாகக் கேட்கப்படுவது, ‘இது எத்தனை ஆண்டு தாங்கும்’ என்பதன்று. ‘குறிப்பிட்ட அளவு மிதிபட்ட பிறகு இதன் தோற்றம் புதியதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கும்’ என்பதுதான். வகுப்பு எண்ணை ஆண்டுக் கணக்காக மாற்றிச் சொல்லும் விற்பனையாளர் எவராயினும், சோதனை சொல்லாததைத் தாமாகச் சேர்த்துச் சொல்கிறார் என்று கொள்ளலாம்.

நீங்கள் பார்த்த எண்கள் இஎன் 1307 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி வழங்கப்படுபவை. இரண்டில் தொடங்கும் எண்கள் வீட்டுப் பயன்பாட்டுக்கும், மூன்றில் தொடங்குபவை கடை, அலுவலகம், விடுதி போன்ற இடங்களுக்கும் உரியவை. 21 என்பது குறைவாகப் புழங்கும் படுக்கையறை போன்ற இடங்களுக்கு. 22 நடுத்தரப் புழக்கத்துக்கு. 22+ என்ற இடைநிலை ஒன்றும் உண்டு. 23 வீட்டின் மிகக் கூடுதலான புழக்கத்துக்கு. சீட்டில் வீட்டுப் படத்துக்குள் மனித உருவங்கள் இருப்பது இதைத்தான் குறிக்கிறது. இது இயந்திரத்தில் உற்பத்தியாகும் விரிப்புகளுக்கான ஏற்பாடு. உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலிருந்தோ ஈரானிலிருந்தோ வரும் கைமுடிச்சுக் கம்பளங்களுக்குச் சொல்லப்படும் முடிச்சு எண்ணிக்கை, வடிவத்தின் நுணுக்கத்தையும் அதற்குப் பிடித்த உழைப்பையும் காட்டுவது. அதை இந்த வகுப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

இனி சோதனைக்கு வருவோம். கார்பெட்டிலிருந்து வெட்டிய துண்டுகளை முதலில் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும், வழக்கமாக 20 டிகிரி செல்சியஸும் 65 சதவீதமும் உள்ள அறையில், காற்றோடு சமநிலைக்கு வரும்வரை விரித்து வைப்பார்கள். கம்பளி இழை ஈரத்தை உறிஞ்சி மென்மையாகும், காய்ந்தால் விறைக்கும். இதைச் சரிசெய்யாமல் தொடங்கினால் மழைநாளில் ஒரு முடிவும் வெயில்நாளில் வேறொரு முடிவும் வரும். பிறகு துண்டுகளை ஓர் உருளைக் கலத்தின் உட்சுவரில், இழைப்பக்கம் உள்ளே தெரியுமாறு பொருத்துவார்கள். கலத்துக்குள் ஹெக்ஸாபாட் என்ற உலோகப் பொருள் ஒன்று தளர்வாகக் கிடக்கும். எடை சுமார் 3.8 கிலோ, ஆறு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பாலியூரித்தேன் கால்கள் ஆறு. கலம் நிமிடத்துக்கு 35 சுற்று வேகத்தில் சுழல, அது உள்ளே புரண்டு புரண்டு விழுந்து இழைகளைத் திசை தெரியாமல் மிதிக்கும். 4,000 சுற்றில் ஒரு முடிவும், 12,000 சுற்றில் ஒரு முடிவும் எடுக்கப்படும். அதாவது நீண்ட சோதனைக்குக் கலம் ஓடும் நேரம் மட்டும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இடையிடையே நிறுத்தி, உதிர்ந்த பிசிறை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியெடுப்பார்கள். வெட்டர்மன் உருளை என்ற மாற்றுக் கருவியும் பயன்பாட்டில் உண்டு. அதில் பதினான்கு ரப்பர் குமிழ்கள் பொருத்திய, ஏழு கிலோவுக்கு மேற்பட்ட எஃகு உருண்டை 22,000 சுற்றுவரை உருளும். குறுகிய சோதனைக்கு 5,000 சுற்று.

இதற்கு அடுத்து நடப்பதுதான் பலருக்கு வியப்பளிக்கும். இவ்வளவு எந்திரத்துக்குப் பிறகு மதிப்பெண் போடுவது மனிதக் கண்தான். மிதிபட்ட துண்டையும் மிதிபடாத துண்டையும் அருகருகே வைத்து, நிர்ணயிக்கப்பட்ட வெளிச்சத்தில், குறைந்தது மூன்று பேர், ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் அறியாதபடி, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள். ஒரு திசையிலிருந்து நன்றாகத் தெரியும் துண்டு எதிர்த்திசையிலிருந்து பாழாய்த் தெரியும் என்பதால்தான் சுற்றிச்சுற்றிப் பார்க்கிறார்கள். அளவுகோல் 5 முதல் 1 வரை: 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் கடும் மாற்றம், இடையில் அரை மதிப்பெண்களும் உண்டு. ஒவ்வொரு படிநிலையும் எப்படி இருக்கும் என்பதற்கு சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் ஒப்பீட்டுப் படங்கள் கையிலிருக்கும். அமெரிக்காவின் கார்பெட் தொழில்துறைச் சங்கமான கார்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிட்யூட் இதே அளவுகோலைக் கொண்டுதான் 12,000 சுற்றுக்குப் பிறகு 2.5 வந்தால் மிதமான புழக்கம், 3 வந்தால் மிகுதியான புழக்கம், 3.5 வந்தால் கடும் புழக்கம் என்று வகைப்படுத்துகிறது. கருவியால் அளக்க முடியாதா என்று கேட்கலாம். தடிமன் குறைவதையும் நிறம் மாறுவதையும் கருவி தனித்தனியே அளக்கும். ஆனால் முறுக்கு அவிழ்ந்து, நுனிகள் பிசிறாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒளி வேறு மாதிரி பட்டு, எல்லாம் சேர்ந்து ‘பழசாகிவிட்டது’ என்று நமக்குப் படுகிறதே, அந்த மொத்த உணர்வுக்குக் கண்ணையே அளவுகோலாகக் கொள்வதுதான் நேர்மையானது என்பது என் கருத்து.

உருளைக்குள் நடப்பது உண்மையான நடைக்கு ஈடாகுமா என்ற சந்தேகம் நியாயமானதே. அமெரிக்காவில் ஆட்களை அமர்த்தி, விரித்துவைத்த கார்பெட்டின் மேல் 20,000 காலடிகள் எண்ணி நடக்கவிட்டுச் சோதித்ததும் உண்டு. செலவும் நாளும் கூடுதலாகப் பிடிக்கும் அந்த முறைக்குப் பதிலாகவே உருளை பெரிதும் பயன்படுகிறது. ஆனால் உருளைக்குள் மண் இல்லை. வாசலிலிருந்து செருப்போடு உள்ளே வரும் மணல் துகள்கள் இழையின் அடிக்கு இறங்கி, ஒவ்வொரு மிதியிலும் இழையை அறுக்கின்றன; இந்தத் தேய்மானம் மேற்சொன்ன மதிப்பெண்ணில் இல்லை. செருப்பை வாசலிலேயே விடும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் கார்பெட்டுக்குப் பெரிய உபகாரம்.

தோற்றம் ஒன்றை மட்டும் வைத்து வகுப்பு கொடுத்துவிடுவதில்லை. ரப்பர் பதித்த நான்கு கால் சக்கரம் ஒன்றை, மனிதர் நடப்பதுபோல் முன்னும் பின்னும் நடத்தி, எவ்வளவு இழை உதிர்கிறது என்று எடைபோடும் லிசன் சோதனை இருக்கிறது. அதே கருவியால்தான் படிக்கட்டுக்குத் தகுதியும் பார்க்கிறார்கள். படியின் முனையில் கார்பெட் மடிந்து வளையும் இடத்தில் இழைகள் விரிந்து அடித்தளம் வெளிப்படுவதாலும், இறங்கும் கால் முழு எடையோடு அந்த விளிம்பைத் தேய்ப்பதாலும், வீட்டிலேயே மிகக் கொடிய இடம் அதுதான். அதனால் தரையில் 23 வாங்கிய கார்பெட் படிக்கட்டுக்கும் தானாகவே தகுதி பெற்றுவிடாது. படிக்கட்டுப் படம் தனியாக இருக்க வேண்டும். அதுபோலவே அடியில் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியின் படம் வேறு. 90 கிலோ சுமையோடு மூன்று சக்கரங்கள் 25,000 முறை சுழன்று ஓடிய பிறகும் தாக்குப்பிடித்தால்தான் அந்தப் படம் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அறை இருந்தால் இதைக் கவனியுங்கள். கனமான சாமான்களின் காலடிக் குழியையும் சோதிக்கிறார்கள்: சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஏழு கிலோ என்ற அழுத்தத்தை 24 மணி நேரம் வைத்துவிட்டு எடுத்து, தடிமன் எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பது அது.

வகுப்பு தீர்மானமாவதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. தேய்மானத்தில் 23க்கும் தோற்றத்தில் 22க்கும் தகுதி பெற்ற கார்பெட் 22 என்றுதான் விற்கப்பட வேண்டும். சராசரி எடுப்பதில்லை, எது குறைவோ அதுவே வகுப்பு. நிறம் வெளுக்காமை, உரசினால் சாயம் ஒட்டாமை போன்ற அடிப்படைத் தகுதிகளில் தவறினால் வகுப்பே கிடையாது.

உங்கள் குழப்பத்துக்கு மூலமான கிரீடங்கள் என்பவை வேறு சங்கதி. ஒன்று முதல் ஐந்துவரை போடப்படும் அவை, அடித்துணியின் மேல் எவ்வளவு இழை நிற்கிறது என்பதைக் கொண்டு காலுக்குக் கிடைக்கும் சொகுசைச் சொல்பவை. உழைப்பைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. நான்கு கிரீடம் பெற்ற கார்பெட் 22இல் நிற்பதும், இரண்டு கிரீடத்தோடு ஒன்று 23க்குப் போவதும் முரணே அல்ல. நீளமான இழை எளிதில் சாய்கிறது. குட்டையாகவும் நெருக்கமாகவும் நிற்கும் இழைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

கடைக்காரர் சொல்லும் கனத்தை இங்கேதான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க வணிகத்தில் அடர்த்தியைக் கணக்கிட ஓர் எளிய வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: சதுர கெஜத்துக்கு மேலிழை எத்தனை அவுன்ஸ் என்பதை 36ஆல் பெருக்கி, இழை உயரத்தை அங்குலத்தில் வைத்து வகுப்பது. 40 அவுன்ஸ் இழையை அரை அங்குல உயரத்தில் வைத்தால் 2,880 வரும். அதே 40 அவுன்ஸை முக்கால் அங்குல உயரத்துக்கு நீட்டினால் 1,920தான். இரண்டும் ஒரே எடை, ஒரே அளவு நூல். ஆனால் பின்னது மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியை இழந்துவிட்டது. கடையில் தொட்டுப் பார்க்கும்போது மெத்தென்று மனத்தைக் கவர்வதும் பின்னதுதான். இதில் இன்னொரு சூட்சுமம்: சீட்டில் மொத்த எடை, இழை எடை என்று இரண்டு இருக்கும். மொத்த எடையில் அடித்துணி, லேடெக்ஸ் பசை, அதில் கலக்கும் சுண்ணாம்புத் தூள் எல்லாம் சேரும். சுண்ணாம்பின் கனத்தை உழைப்பின் கனம் என்று எண்ணி ஏமாறக் கூடாது. கடையில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று: துண்டை இழைப்பக்கம் வெளியே வருமாறு விரலின் மேல் மடியுங்கள். வரிசைகளுக்கு நடுவே அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் அடர்த்தி போதாது. படிமுனையில் அது அப்படியேதான் தெரியும்.

நூல் அடித்துணியில் எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பதையும் இழுத்துப் பார்த்து அளக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் நுனி வெட்டிய இழைக்கு 3 பவுண்டு விசை, வெட்டாத வளைய இழைக்கு 6.25 பவுண்டு விசை. வளையத்துக்கு ஏன் இரட்டிப்பு என்றால், அதில் ஒரு கண்ணி பூனை நகத்திலோ வேக்குவம் கிளீனரிலோ சிக்கி உருவினால் வரிசை முழுவதும் பின்னாலேயே வந்துவிடும். வெட்டிய இழையில் போவது ஒரு குச்சம் மட்டுமே.

தீ பற்றிய சோதனை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதம். பிரிட்டனில் நெடுங்காலமாக வழங்கும் முறையில், எஃகு நட்டு ஒன்றை 900 டிகிரிக்குக் காய்ச்சிக் கார்பெட்டின் மேல் வைத்து, தீ எவ்வளவு தூரம் பரவிக் கருகியது என்று அளப்பார்கள். கருகிய ஆரம் 35 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் நல்ல நிலை, 75ஐத் தாண்டினால் மோசமான நிலை. கணப்பிலிருந்து கங்கு தெறித்து விழுவதைப் போன்ற நிலைமை அது. அமெரிக்காவில் 1971 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விதி, மெத்தினமின் என்ற எரியும் வேதிப்பொருளின் மாத்திரை ஒன்றைக் கார்பெட் துண்டின் நடுவில் வைத்துக் கொளுத்தச் சொல்கிறது. அடுப்பில் காயவைத்த, 9 அங்குலச் சதுரத் துண்டுகள் எட்டு. ஒவ்வொன்றின் மேலும் 8 அங்குல வட்டத் துளையுள்ள எஃகுத் தகடு. கருகல் அந்த வட்ட விளிம்புக்கு ஓர் அங்குலத்துக்குள் நெருங்கக் கூடாது. எட்டில் குறைந்தது ஏழு தேற வேண்டும். சிறிய விரிப்புகளுக்கு மட்டும் விசித்திரமான விலக்கு ஒன்று இருக்கிறது: தேறாவிட்டாலும், எளிதில் தீப்பற்றும் என்ற எச்சரிக்கைச் சீட்டோடு விற்கலாம். கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் பெரும்பாலும் தானே அணையும். பாலிப்ரோப்பிலீன் சுமார் 165 டிகிரியிலேயே உருகும். கனமான மேசையை வேகமாக இழுத்தால் உரசல் சூட்டிலேயே அதில் பளபளவென்று ஒரு கோடு விழுவதுண்டு.

வெளுப்பைச் சோதிக்க, எட்டுத் தரமுள்ள நீலக் கம்பளித் துணிகளோடு சேர்த்துக் கார்பெட்டையும் செனான் விளக்கின் ஒளியில் காட்டுவார்கள். எந்த நீலத்தோடு சேர்ந்து வெளுக்கிறதோ அதுவே அதன் மதிப்பெண். ஐரோப்பியத் தரம் 5 கேட்கிறது, வெளிர் நிறங்களுக்கு 4 போதும். தெற்கு நோக்கிய பெரிய சன்னல் இருந்தால் 6 கேட்டு வாங்குவது நல்லது. நிலைமின் சோதனை சென்னைவாசிக்குத் தேவையற்றது. ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வறண்டுபோகும் உங்கள் வீட்டில், கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுரீரென்று அடிப்பது உடலில் ஏறும் நிலைமின்னால்தான். 25 சதவீத ஈரப்பதத்தில் ஒருவரை நடக்கவிட்டு, அவர் உடலில் ஏறும் மின்னழுத்தம் 2 கிலோவோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் அதற்கான குறி கிடைக்கும்.

கறை பற்றித் தமிழ் வீடுகள் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பரவலான சோதனை, குளிர்பானங்களில் சேரும் சிவப்புச் சாயத்தை அமிலக் கரைசலாக ஊற்றி, ஒரு நாள் விட்டுக் கழுவி, பத்துக்கு மதிப்பெண் போடுவது. நைலான் கார்பெட்டில் கறை ஏறாமல் காக்கும் பூச்சு, இத்தகைய அமிலச் சாயங்கள் இழையில் பிடித்துக்கொள்ளும் இடங்களை அடைத்துவிடுவதன் மூலம் வேலை செய்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் அந்த வகைச் சாயமன்று. மின்னூட்டமில்லாத அது, அடைக்கப்பட்ட இடங்களைப் பொருட்படுத்தாமல் இழைக்குள்ளேயே கரைந்து இறங்கிவிடும். ஆகவே பத்துக்குப் பத்து வாங்கிய கார்பெட்டிலும் சாம்பார் கொட்டினால் மஞ்சள் நிற்கும். நூற்பதற்கு முன்பே நிறம் சேர்த்த பாலிப்ரோப்பிலீன் இதில் ஓரளவு தப்பிக்கும், ஆனால் எண்ணெயை விடாது. குர்குமினுக்கு வெயில் ஆகாது என்பது ஒரு நல்ல செய்தி: எண்ணெயை நீக்கிய பிறகு வெளிச்சம் படும்படி விட்டுவைத்தால் மஞ்சள் நாளடைவில் மங்கும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கார்பெட்டே வேண்டாம் என்பது என் தனிப்பட்ட யோசனை. வகுப்பு எண் எதுவும் அங்கே துணைக்கு வராது.

எந்தச் சோதனைக்கும் பிடிபடாத குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நுனி வெட்டிய கார்பெட்டில் சில மாதங்களில், தண்ணீர் தேங்கியதுபோல் கருமையும் வெளிறலுமாகத் திட்டுகள் தோன்றக்கூடும். இழைகள் அந்த இடத்தில் மட்டும் திசை மாறிச் சாய்வதால் ஒளி வேறுவிதமாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். தேய்மானம் இல்லை, ஆனால் ஒருமுறை வந்தால் போவதும் இல்லை. ஒரே சுருளின் பாதி ஒரு வீட்டில் நன்றாக இருக்க, மறுபாதி இன்னொரு வீட்டில் திட்டுத்திட்டாகும். இதை உற்பத்திக் குறை என்று தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை. முன்கூட்டிச் சொல்லும் சோதனையும் இல்லை. பளபளப்பான ஒற்றை நிறத்தில் இது பளிச்சென்று தெரியும். கலப்பு நிறத்திலும் வளைய இழையிலும் அவ்வளவாகக் கண்ணில் படாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்கள் இரண்டு கார்பெட்டுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கூடம், நடை, படிக்கட்டு ஆகியவற்றுக்கு 23ஐப் போடுங்கள். படிக்கட்டுப் படம் அதற்குத்தான் இருக்கிறது. படுக்கையறைக்கு 21 போதும் என்றிருக்க, நான்கு கிரீடமுள்ள அந்த 22 அங்கே தாராளமாக உழைக்கும், வெறுங்காலுக்கும் சுகமாக இருக்கும். பணம் கொடுக்கும் முன் இரண்டுக்கும் தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்பைக் கேட்டு வாங்கி, இழை எடை, இழை உயரம், வெளுப்புச் சோதனையின் மதிப்பெண் ஆகிய மூன்றையும் பாருங்கள். கடைக்காரர் சீட்டைத் தாண்டி எதுவும் தர முடியாது என்றால், அதே பெயரும் எண்ணும் கொண்ட குறிப்பைத் தயாரிப்பாளரிடமே கேட்கலாம். விரித்த பிறகு மிஞ்சும் துண்டு ஒன்றை அலமாரிக்குள் போட்டுவையுங்கள். பின்னாளில் உத்தரவாதத்தின்பேரில் வழக்காட நேர்ந்தால், மிதிபட்டதோடு ஒப்பிட மிதிபடாத துண்டைத்தான் முதலில் கேட்பார்கள்.